அட்டையில் போட்ட படம்

வார்டன் அம்மா என்னைப் பார்த்ததும் சிரித்தார். எனக்குப் பழக்கமான சிரிப்புதான். அவர் நடத்தும் குழந்தைகள் இல்லத்தில்தான் நான் வளர்ந்தேன். யாரையாவது தண்டிப்பதற்கு முன்னால் அப்படித்தான் சிரிப்பார்.

“வாங்க மகாராணி. ஆராய்ச்சியெல்லாம் பண்றீங்களாமே?”

கூட்ட அரங்கில் அப்போதுதான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசல் மேசையில் எங்கள் அறிக்கை, புத்தகமாக அச்சடித்து அடுக்கியிருந்தது. இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்கு என்ன குறை என்று பிள்ளைகளிடமே கேட்டு எழுதிய அறிக்கை. போய்க் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அங்கே இருந்து வந்தவள் கேட்டால்தான் பிள்ளைகள் வாயைத் திறப்பார்கள் என்று டாக்டர் மேடம் என்னைச் சேர்த்திருந்தார். ஊசி போடும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். துறைச் செயலர் இன்று அறிக்கையை ஏற்றுக்கொண்டால், பிள்ளைகளை அறையில் அடைத்துப் பூட்டுவதற்குத் தடை வரும்.

வார்டன் ஒரு புத்தகத்தை எடுத்து அட்டையை விரலால் தட்டினார்.

“இந்தக் காதை எங்கயோ பாத்திருக்கேனே?”

நான் அட்டையை அப்போதுதான் பார்த்தேன்.

பிடித்த இடத்துக்குப் பச்சை, பயப்படும் இடத்துக்குச் சிவப்பு என்று சொல்லி, பிள்ளைகளை அவரவர் இல்லத்தை வரையச் சொல்லியிருந்தோம். அட்டையில் இருந்தது, அந்த இல்லத்தில் எல்லாரும் சுண்டெலி என்று கூப்பிடும் சின்னப் பெண் வரைந்தது. படிக்கட்டுக்குக் கீழே மெத்தை போட்டுவைக்கும் அறை, முழுக்கச் சிவப்பு. கதவைவிடப் பெரிதாக வெளித்தாழ்ப்பாள். உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை, முறம் போன்ற காதுகளோடு. யாரை வரைந்தாலும் சுண்டெலி அப்படித்தான் காது வைப்பாள். சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் முழுக்க அவள் படங்கள்தான். இல்லத்துக் காவலாளிக்குக்கூட அந்தக் காது தெரியும்.

“பாவம், அவளுக்கு எங்ககூட இருக்கப் பிடிக்கல போல. வேற ஊர் இல்லத்துக்கு எழுதிட்டேன். பொண்ணுங்க மட்டும் இருக்கிற இடம். நல்ல காத்து வரும்.”

“அவ தம்பி?”

“அவன் எப்படி அங்க போவான்? இங்கதான் இருப்பான். என் கண்ணு முன்னாலயே.”

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். அது எனக்குத் தெரிந்ததைவிட வார்டனுக்கு நன்றாகத் தெரியும்.

டாக்டர் மேடம் மேடையில் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், அட்டையை எல்லாத்துலயும் கிழிச்சிடணும்.”

“என்னது?”

சொன்னேன். முழுதும் கேட்காமலே தலையாட்டினார்.

“பேர் எங்கயும் இல்ல. வயசை மாத்திட்டோம். இல்லத்தோட பேரை எடுத்துட்டோம். நெறிமுறைக் குழு வரி வரியாப் படிச்சுதான் சரின்னு சொன்னாங்க.”

“படத்தைப் பாத்தாங்களா?”

“அட்டை அச்சகத்துல செஞ்சது. இதுலதான் கலர் எடுப்பா இருக்குன்னாங்க. நானும் சரின்னேன்.”

“அந்தக் கலருக்குத்தான் இப்ப அக்காவையும் தம்பியையும் பிரிக்கிறாங்க.”

“சத்தம் போடாத. செயலர் வர்ற நேரம். எல்லாப் பிள்ளைகளுக்கும் தடை வரப்போகுது, நீ ஒரு பொண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற. அவ விஷயத்தை நான் அப்புறமாப் பேசறேன்.”

“அவ பெட்டி படுக்கையோட போனதுக்கு அப்புறமா?”

“நான் எழுதிக் கொடுத்ததை மட்டும் படி. புரியுதா?”

நிகழ்ச்சி நிரலில் எனக்கு ஒதுக்கிய இடத்துக்கு ‘இளையோர் குரல்’ என்று பெயர். குரல் மட்டும்தான் என்னுடையது, வார்த்தையெல்லாம் மேடத்துடையது.

அரங்கம் நிரம்பியது. பின்வரிசையில் இல்லத்துப் பிள்ளைகளைச் சீருடையோடு கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். செயலர் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமாம். சுண்டெலி தன் தம்பியை மடியில் வைத்திருந்தாள். புத்தகம் அவள் கைக்கும் வந்திருந்தது. அட்டையைத் தம்பிக்குக் காட்டிக் காட்டி அவள் முகம் மலர்ந்துபோயிருந்தது.

என்ன செய்வதென்று யோசித்தேன். வார்டன் பழிவாங்குகிறார் என்று மேடையில் சொன்னால், வரைந்தது சுண்டெலிதான் என்று நானே ஊருக்குச் சொன்னது போலாகும். பேசாமல் இருந்தால் அவள் போய்விடுவாள். என் முறை வந்தபோது, எழுதிக் கொடுத்த தாளை மடித்துவிட்டேன்.

“அட்டையில இருக்கிற படம் நான் வரைஞ்சது” என்றேன். “எப்படி வரையணும்னு பிள்ளைகளுக்குக் காட்ட நான் போட்ட மாதிரிப் படம். ஒரு பிள்ளையோட பாணியைப் பாத்துப் போட்டேன். இதை அந்தப் பிள்ளை வரைஞ்சதா நெனச்சு, அதை வேற ஊருக்கு மாத்த உத்தரவு போயிருக்கு. அந்தப் பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

செயலர் வார்டனைப் பார்த்தார். “அப்படி உத்தரவு இருக்கா?”

வார்டன் எழுந்தார். “இருக்குங்க. ஆனா அது வேற காரணம்.”

“என்ன காரணம்?”

வார்டன் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். நான் புளுகுவது அவருக்குத் தெரியும். ஆனால் வரைந்தது அந்தப் பிள்ளைதான் என்றால், அந்த அறையும் இருக்கிறது என்றாகிவிடும். அப்படி ஓர் அறையே இல்லை என்று எழுத்தில் கொடுத்திருப்பவர் அவர்.

“பிள்ளையோட நன்மைக்குத்தான்…”

“உத்தரவை நிறுத்துங்க. எங்கிட்ட கேக்காம யாரையும் மாத்தக் கூடாது.” செயலர் டாக்டர் மேடத்தின் பக்கம் திரும்பினார். “இது இந்தப் பொண்ணு போட்டதா?”

“யார் வரைஞ்சதுன்னு சொல்ல மாட்டோம்னு வாக்குக் கொடுத்திருக்கோம்.”

“சொல்ல மாட்டீங்களா, தெரியலையா? பிள்ளைங்க வரைஞ்சதுன்னு உள்பக்கத்துல அச்சடிச்சிருக்கு. இன்னும் எத்தனை படம் உங்க ஆளுங்க போட்டது? இதை நம்பி நான் எப்படித் தடை போடறது?” புத்தகத்தை மேசையில் தள்ளினார். “திரும்ப எடுத்துட்டுப் போங்க. சரிபார்த்துட்டு வாங்க.”

வெளியே தாழ்வாரத்தில் டாக்டர் மேடம் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அந்தக் கதவு இன்னும் பூட்டிக்கிட்டுதான் இருக்கும். உன்னாலதான். ஞாபகம் வெச்சுக்கோ.”

“அட்டைக்கு அழகு பாத்தது நான் இல்ல மேடம்.”

“நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்.”

“வரச் சொன்னாலும் வரமாட்டேன்” என்று கையை உதறினேன்.

வாசலில் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுண்டெலி வரிசையை விட்டு நேராக என்னிடம் வந்தாள். தம்பி அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தான்.

“அது என் படம்.”

வார்டன் கதவுக்குப் பக்கத்தில் நின்று, காதை எங்கள் பக்கமே வைத்திருந்தார்.

“இல்ல. நான் போட்டது” என்றேன்.

“பொய்! நான்தான் போட்டேன். நாங்க சொல்றதைக் கேக்கத்தானே வந்தேன்னு நீ சொன்ன?”

“உனக்கு எப்படிம்மா அப்படி வரைய வரும்? போய் வண்டியில ஏறு.”

அவள் முகம் சுருங்கியது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “திருடி” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. வார்டன் சிரித்தார்.

வண்டி கிளம்பியபோது அவள் தம்பி ஜன்னல் வழியாக எனக்கு டாட்டா காட்டக் கையைத் தூக்கினான். சுண்டெலி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்துத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள்.