ஒரே வீட்டில் வசிப்பவர்

வியாழக்கிழமை ஏழு மணி ஆனால் போதும், நார்பர்ட் ஸ்கிபாவுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். சாப்பாட்டில் ஒரு குறையும் கிடையாது. முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறியைச் சூடாக்கி மேசையில் வைத்துவிட்டுத்தான் மனைவி கிளாடெட் கிளம்புவாள். அதைத் தட்டில் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து, எட்டாம் சேனலைத் திருப்பி, சொந்த மனைவியை ஒட்டுக்கேட்கிறவன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எட்டாம் சேனல் வில்மார்ஷ் ஊரின் சேனல். தெருவெல்லாம் கம்பி இழுத்துச் சம்பாதிக்கிற கேபிள் கம்பெனி, ஊர்க்காரர்களுக்கென்று ஒரு சேனலும் ஒரு ஸ்டுடியோவும் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். ஸ்டுடியோ என்றால் உயர்நிலைப் பள்ளியின் அடித்தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் ஒரு அறை, ஒரு கேமரா, இரண்டு நாற்காலி. யார் வேண்டுமானாலும் நிகழ்ச்சி நடத்தலாம். கிளாடெட் இரண்டு வருஷமாக 'தொலைந்ததும் கிடைத்ததும்' நடத்திக்கொண்டிருந்தாள். காணாமல் போன பூனை, தேவாலயத்தில் கண்டெடுத்த பல்செட், ஜோடி இல்லாத கையுறை என்று அரை மணி நேரம் வாசிப்பாள். ஊரே பார்த்தது.

பல்செட் நார்பர்ட்டுக்குப் பிரச்சினை இல்லை. கேமராவுக்குப் பின்னால் நின்ற லூசியன் மொராஸ்தான் பிரச்சினை. முடிவெட்டுகிறவன், மனைவியை இழந்தவன், தலையில் ஒரு முடி குறையாதவன். ஆள் திரையில் வருவதே இல்லை, குரல் மட்டும் வரும். "அந்தப் பல்லு யாரையாவது கடிச்சுதா, கிளாடெட்?" என்பான். அவள் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நார்பர்ட் வீட்டில் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. யாரைக் கேட்டு அந்தச் சிரிப்பை ஊருக்கெல்லாம் காட்டுகிறாள் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சேனலின் குடுமி நார்பர்ட்டின் கையில்தான் இருந்தது. கேபிள் கம்பெனி ஒப்பந்தப்படி நடக்கிறதா என்று பார்க்க ஊர் மூன்று பேரை உட்கார்த்தி வைத்திருந்தது. அந்தக் குழுவுக்கு அவன் தலைவன். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். காலையெல்லாம் தபால் பட்டுவாடா செய்துவிட்டு, மாதம் ஒருநாள் சாயங்காலம் படம் தெரியவில்லை என்று வருகிற புகாரைக் கேட்டுத் தலையாட்டும் வேலை. வேறு யாரும் வராததால் அவன் வந்தான்.

பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். அந்த வசந்தத்தில் அது வந்தது. கம்பெனியின் ஆள் ஹென்ட்ரி ஒரு பெட்டி டோனட்டோடு வந்து இறங்கினார். ஸ்டுடியோவை மூடிவிடலாம், எட்டாம் சேனலில் இனி அறிவிப்புப் பலகை மட்டும் ஓடட்டும், மிச்சமாகிற பணத்தில் குன்றுச் சாலையின் நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் கேபிள் இழுத்துத் தருகிறோம் என்றார். குன்றுச் சாலைக்காரர்கள் ஏழு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. நார்பர்ட்டுக்கு அது அல்வா மாதிரி வாயில் வந்து விழுந்தது.

சாப்பாட்டு மேசையில் உப்பை எடுக்கிற சாக்கில் விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"குன்றுச் சாலைக்கு ஒத்துக்கலாம்னு இருக்கேன்."

கிளாடெட் முள்கரண்டியை வைத்தாள். "அப்போ ஸ்டுடியோ?"

"மூட வேண்டியதுதான். பாவம் அந்த ஜனங்க, ஏழு வருஷமா டிவி இல்லாம கிடக்குதுங்க."

"நேத்து வரைக்கும் அவங்க மேல உனக்கு இந்தப் பாசம் இல்லையே, நார்ப்?"

"என் வேலையை நான் பாக்கறேன்."

"இது லூசியனால. ஆமாவா, இல்லையா?"

"அவன் பேச்சை எடுக்காதே!" மேசையில் அடித்த அடியில் உப்பு ஜாடி உருண்டது. "ஊரே சிரிக்குது. புருஷன் வீட்ல உக்காந்து சோறு தின்னுட்டிருக்கான், இவ அங்க அவனோட இளிச்சுக்கிட்டு நிக்கறா. எனக்கு எப்படி இருக்கும்?"

"நான் பூனை தேடறேன்டா, பைத்தியக்காரா!"

"பூனை தேடறதுக்கு எதுக்கு அவ்ளோ சிரிப்பு?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் முழுவதும் வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசியது.

அடுத்த செவ்வாய் சாயங்காலம் நகர மன்றத்தின் மாடியில் பொது விசாரணை. தபால் சீருடையோடு நார்பர்ட் நேரே அங்கே வந்துவிட்டான். எட்டாம் சேனலில் நேரடி ஒளிபரப்பு. கேமராவுக்குப் பின்னால் வேறு யார், லூசியன்தான். தன் மூஞ்சியை அவன் கேமராக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பே நார்பர்ட்டை அரித்தது. வலப்பக்கம் ஆரிஸ் கூரிஸ், இரும்புக் கடைக்காரர், வீடு குன்றுச் சாலையில், எனவே ஸ்டுடியோவை மூடச் சொல்பவர். இடப்பக்கம் ஒடேலியா கிரேன், ஓய்வுபெற்ற நூலகர், ஸ்டுடியோ இருந்தே தீர வேண்டும் என்பவர். ஆக, மூன்றாவது வாக்கு நார்பர்ட்டுடையது.

ஆரம்பித்ததுமே மிஸஸ் கிரேன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழுவின் விதிப் புத்தகத்தைத் திறந்தார்.

"தலைவரே, விதி பதினொண்ணு. உறுப்பினரோட ஒரே வீட்ல வசிக்கறவங்களுக்கு இந்த விஷயத்துல சம்பந்தம் இருந்தா அந்த உறுப்பினர் ஓட்டுப் போடக் கூடாது. உங்க மனைவி அந்த ஸ்டுடியோவுல நிகழ்ச்சி நடத்தறாங்க. நீங்க எந்தப் பக்கம் போட்டாலும் பேச்சு வரும்."

கூட்டம் முணுமுணுத்தது. நார்பர்ட்டுக்கு முதலில் காது சிவந்தது, பிறகு கணக்கு புரிந்தது. அவன் விலகினால் ஒன்றுக்கு ஒன்று. சமமானால் விஷயம் நகர மன்ற உறுப்பினர்களிடம் போகும். அவர்கள் ஹென்ட்ரியின் டோனட்டை எப்போதோ தின்றுவிட்டார்கள், முதல் கூட்டத்திலேயே மூடிவிடுவார்கள். மிஸஸ் கிரேன் விதியைப் பார்த்தாரே தவிர இதைப் பார்க்கவில்லை. அட, கையை உயர்த்தாமலே காரியம் முடிகிறதே! பழியும் இல்லை, பாவமும் இல்லை, வீட்டுக்குப் போய் 'நான் என்ன பண்ணட்டும், விதி அப்படி' என்று சொல்லிவிடலாம். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"மிஸஸ் கிரேன் சொல்றது நியாயம்," என்றான், நல்ல பிள்ளை முகத்தோடு. "பேச விரும்பறவங்க பேசி முடிச்சதும் நான் விலகிக்கறேன்."

ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்து பெயரும் விலாசமும் சொல்லிவிட்டுப் பேசினார்கள். குன்றுச் சாலைக்காரர் ஒருவர் கெஞ்சினார், ஒருவர் திட்டினார். தொலைந்த நாய் திரும்பக் கிடைத்த ஒரு பெண் நாயையே கூட்டி வந்திருந்தாள். கடைசி வரிசையிலிருந்து கிளாடெட் எழுந்தாள். பச்சைக் கோட்டு. அவள் வந்திருந்ததே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பேரு, விலாசம்," என்றான், எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில்.

"கிளாடெட் ஸ்கிபா. கால்வாய்த் தெரு, ஒன்பது, மாடி."

நார்பர்ட் தினமும் கடிதம் போடுகிற வீடு. அவளுடைய அக்கா ஃப்ளோரன்ஸின் வீடு. பேனா கையிலேயே நின்றது.

"தப்பா சொல்றே," என்றான் மெதுவாக.

"சரியாத்தான் சொல்றேன், தலைவரே. மத்தியானம் என் பொட்டியை எடுத்துட்டுப் போயாச்சு." அவள் இடப்பக்கம் திரும்பினாள். "மிஸஸ் கிரேன், உங்க விதிக்கு இனிமே வேலை இல்ல. தலைவரும் நானும் ஒரே வீட்ல இல்ல. அவர் விலக வேண்டாம். மூடணும்னா ஊர் பாக்க அவரே கையைத் தூக்கி மூடட்டும். எனக்கு அவ்ளோதான் சொல்லணும்."

மூன்று நிமிஷம் அவளுக்கு உண்டு. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. போய் உட்கார்ந்துகொண்டாள்.

மிஸஸ் கிரேன் புத்தகத்தைப் பார்த்தார், பிறகு நார்பர்ட்டைப் பார்த்தார், பார்வையை மேசைக்குத் தாழ்த்தினார். "விதிப்படி... தடை இல்லைதான்," என்றார்.

"அப்போ ஓட்டுக்கு விடுங்க," என்றார் ஆரிஸ். "மூடணும்ங்கறதுக்கு நான்." கையைத் தூக்கினார். மிஸஸ் கிரேன் தூக்கவில்லை. ஊரே நார்பர்ட்டின் கையைப் பார்த்தது.

தூக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. போடீ, நீயும் உன் பூனையும் என்று தூக்கிவிடலாம். கை மேசையிலிருந்து நாலு விரற்கடை கிளம்பியும் விட்டது. அப்போதுதான் நாளை மறுநாள் வியாழன் என்பது நினைவுக்கு வந்தது. இருட்டு வீடு, சூடாக்கி வைக்க ஆளில்லாத மேசை, ஏழு மணி. எட்டாம் சேனலைத் திருப்பினால் வெறும் அறிவிப்புப் பலகை. அவள் முகம் இனி எங்கே தெரியும்? கால்வாய்த் தெரு வாசலில் கடிதம் போடும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? லூசியன் பார்த்துத் தொலைக்கட்டும், அவனோடு சிரித்தும் தொலைக்கட்டும், அரை மணி நேரம் தானும் பார்க்கலாமே. வெட்கக்கேடுதான். கையை இறக்கிவிட்டான்.

"மூட வேண்டாம்," என்றான்.

"ரெண்டுக்கு ஒண்ணு. ஸ்டுடியோ பத்து வருஷத்துக்கு இருக்கும்," என்று எழுதிக்கொண்டார் மிஸஸ் கிரேன். குன்றுச் சாலைக்காரர் ஒருவர் நாற்காலியை உதைத்துவிட்டு வெளியேறினார். நாய் குரைத்தது.

கூட்டம் கலைந்ததும் நார்பர்ட் படிக்கட்டுப் பக்கம் ஓடி அவளைப் பிடித்தான்.

"ஓட்டுப் போட்டேன்ல? வா, வீட்டுக்குப் போலாம்."

"எனக்காகவா போட்டே? இல்ல, லூசியன் முன்னாடி பெரிய மனுஷன் ஆகவா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தான், வரவில்லை. "உன்னைப் பாக்கறதுக்கு எனக்கு வேற வழி தெரியல, கிளாடெட்."

அவள் கோட்டுப் பொத்தானைக் கடைசி வரை போட்டாள். "இருபத்திரண்டு வருஷம் உனக்கு எதிர்லதான் உக்காந்து சாப்பிட்டேன், நார்ப். அப்போ பாத்திருக்கலாம்."

படி இறங்கிப் போய்விட்டாள். உள்ளே லூசியன் கேமராக் கம்பியைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது. நார்பர்ட் ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தான். யாருடைய காரும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. பச்சைக் கோட்டு கால்வாய்த் தெருப் பக்கம் தனியாகத் திரும்பியது. அவள் தனியாகத்தான் போகிறாள் என்பதில், அந்த நிலையிலும், அவனுக்கு ஒரு சந்தோஷம் வந்தது.