மூன்றாவது வரி

எங்கள் குடும்பப் பெயர் உள்ளவர்கள் இந்த நாட்டில் மொத்தமே மூன்று பேர். அப்பா, நான், தம்பி. "எண்ணி மூணு பேரு, அதுல ஒருத்தன் வீடே தங்கமாட்டான்" என்று கேலி செய்வாள் அத்தை. அவள் கல்யாணத்தோடு அந்தப் பெயரைக் கழற்றி வைத்தவள். அவளுக்கென்ன, சொல்லுவாள்.

அப்பாவின் தாத்தா ஆற்றுத்துறையில் படகுக்குக் கயிறு பிடித்தவர். கணக்கெடுக்க வந்தவர்கள் குடும்பப் பெயர் கேட்டபோது, இல்லாத ஒன்றுக்கு எங்கே போவார்? செய்கிற வேலையைச் சொன்னார். அதையே எழுதிக்கொண்டார்கள். எங்கள் பூர்வீகம் அவ்வளவுதான். ராஜபரம்பரை எல்லாம் கிடையாது.

பத்து வருடத்துக்கு ஒருமுறை, எந்தப் பெயரில் எத்தனை பேர் என்று நான் வேலை பார்க்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் புத்தகம் போடும். ஒவ்வொன்றிலும் எங்கள் பெயரின் அடியில் அப்பா பென்சிலால் கோடு போட்டிருப்பார். பதினொன்று, ஏழு, நான்கு. பிறகு அம்மா போய்விட்டாள். மூன்றுக்குக் கீழே இறங்கினால் பெயரே அச்சாகாது. கடைசியில் 'மற்றவை' என்று ஒரு வரி உண்டு, அதில் கொட்டிவிடுவார்கள்.

நான்கு மாதத்துக்கு முன்பு, மின்கம்பி வேலையில் இருந்த தம்பி கம்பத்திலிருந்து விழுந்து செத்தான். இதைப் பக்குவமாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

இந்த வருடம் கணக்கெடுப்பு. வந்த படிவங்களை இறப்புப் பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என் வேலை. முப்பது வருடம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவர் அப்பா. எங்கள் வீட்டுப் படிவத்தை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது.

அது நேற்று என் மேசைக்கே வந்தது. முதல் வரியில் அப்பா, இரண்டாவதில் நான். மூன்றாவதில் தம்பி.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. புத்தகத்தில் ஒரு வரிக்காகவா இந்த மனுஷர் பொய்க் கணக்கு எழுதினார்? அப்புறம்தான் வயதைப் பார்த்தேன். முப்பத்தைந்து. சாகும்போது அவனுக்கு முப்பத்து நான்கு. போன மாதம் அவன் பிறந்தநாள் வந்து போனது. நானே மறந்திருந்தேன். அப்பா அவனுக்கு ஒரு வயது ஏற்றியிருந்தார்.

திருத்தினால் அதன் பக்கத்தில் குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். இன்று காலை வரச் சொன்னேன். சலவைச் சட்டையோடு வந்து, ஊர்க்காரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க? புத்தகத்துல பேரு வரணும்னா?"

"புத்தகம் கெடக்குது." அவர் படிவத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு பேரு எழுதிட்டு நிமிர்ந்தேன். கை தானா அடுத்த வரிக்குப் போயிடுச்சும்மா."

"நீங்களே எத்தனை வீட்ல இதைத் திருத்தியிருப்பீங்க..."

"திருத்தியிருக்கேன். ஒரு அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, இருந்துட்டுப் போகட்டுமே சார்னு கெஞ்சுனாங்க. விதிப்படி அடிச்சுட்டுத்தான் வந்தேன். அன்னிக்கு வீட்டுக்கு வந்து நல்லாத்தான் சாப்பிட்டேன்."

சிவப்புப் பேனாவை எடுத்தேன். என்னால் முடியவில்லை. அப்பா கை நீட்டினார்.

"கொண்டா. ஊரார் வீட்டுப் பேரையெல்லாம் அடிச்ச கைதானே இது."

அடித்தால் ஒரே கோடு, அடிக்கப்பட்ட எழுத்து படிக்கத் தெரிய வேண்டும் என்பது விதி. அளவுகோல் வைக்காமலேயே பெயரிலிருந்து வயது வரை நேராகப் போட்டார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மொத்தம் என்ற கட்டத்தில் நான் மூன்றை அடித்து இரண்டு என்று எழுதினேன். இனி நாங்களும் 'மற்றவை'தான்.

எழுந்தவர் போகவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கண்ணாடியைக் கொண்டுவர மறந்திருந்தார்.

"அந்த முப்பத்தஞ்சு படிக்கத் தெரியுதாம்மா?"

"தெரியுதுப்பா," என்றேன்.