பரம்பரை எச்சில்

அப்பாவுக்கு இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. ஒன்று, தங்கள் குடும்பப் பெயர் ஒரு படைத்தளபதியிடமிருந்து வந்தது. இரண்டு, தன் ஒரே மகன் தனக்குப் பிறக்கவில்லை. முதலாவதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. இரண்டாவதற்கு மகனுடைய மூக்கு இருந்தது.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். கார்க் கூரையில் குடும்பப் பெயரைச் சிவப்பில் எழுதிய பலகை மாட்டியிருக்கும். ஊரில் பாதிப் பேர் அந்தப் பெயருக்குக் கீழே உட்கார்ந்துதான் கியர் மாற்றப் பழகினார்கள். மகனை மட்டும் ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. "மேல என் பேர் இருக்கு. கண்டவன் ஓட்டுறதுக்கில்ல" என்பார். மகன் லிஃப்ட் மெக்கானிக் ஆனான். அதில் ஸ்டியரிங்கே கிடையாது, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அம்மா போய்ச் சேர்ந்ததும் சந்தேகமும் கூடவே போய்விடும் என்று நினைத்தான். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் அது இன்னும் கொழுத்தது.

ஸ்கூலை மூடி வருடங்கள் ஆகிவிட்டன. பலகை இப்போது அப்பாவின் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது. பழக்கமும் போகவில்லை. மாணவன் தப்புச் செய்தால் மிதிப்பதற்காக அவர் பக்கம் ஒரு தனி பிரேக் இருந்தது. இன்றைக்கும் எதையாவது கண்டு பயந்தால் அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும்.

இந்த நிலைமையில்தான் மருந்துக்கடைச் சித்தப்பா டிஎன்ஏ பரிசோதனையோடு வந்தார். அப்பாவின் தம்பி, குடும்பப் பெயர்ச் சங்கத்தின் தலைவர். போட்டி போட இன்னொருவர் முன்வராத தலைவர்.

"அப்பன்கிட்டேருந்து மகனுக்கு மட்டும் ஒரு சமாச்சாரம் மாறாம இறங்குதாம் அண்ணே. வெளியூர்ல இருக்கிற நம்ம பேர்க்காரங்க எல்லாம் எச்சில் குடுத்துட்டாங்க. நானும் குடுத்துட்டேன். எல்லாம் ஒண்ணுன்னு ஆயிட்டா தளபதியைப் பிடிச்சிடலாம்."

"மூத்தவன் நானிருக்க நீ எப்படிடா முதல்ல துப்பின?"

"சும்மா ஒத்திகைக்குண்ணே."

அப்பா கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பாமலே மகனைக் காட்டினார். "இவனும் துப்பட்டும். சங்கக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் படி. தெரியட்டும்."

"மாமா, நீங்களும் இவரும் இத்தனை வருஷமா ஒருத்தர் மேல ஒருத்தர் துப்பிக்கிட்டுத்தானே இருக்கீங்க" என்றாள் மெக்கானிக்கின் மனைவி. "குழாய்தான் புதுசு."

மெக்கானிக் சிரிக்கவில்லை. அவனுக்கு அது வேண்டியிருந்தது. சொத்து வேண்டாம், தளபதி வேண்டாம். நாலு பேர் கேட்க, ஒரே ஒரு தடவை, அப்பா 'என் பையன்' என்று சொல்லிவிட்டால் போதும். அவன் துப்பினான். அப்பாவுக்கு வாய் வறண்டு எச்சில் வரவில்லை, கை வேறு ஆடியது. அவர் வாய்க்கருகே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருவரும் இவ்வளவு நெருக்கமாக எப்போது இருந்தார்கள் என்று அவனுக்கு நினைவில்லை.

முடிவு வந்தபோது ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். சித்தப்பா போனில் அழைத்தார்.

"தனியா இருக்கியா?"

"லிஃப்ட் மேல இருக்கேன் சித்தப்பா. இங்க யார் வருவா?"

"நீ அண்ணன் பிள்ளைதான்டா. சந்தேகமே இல்லையாம்."

மெக்கானிக் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். சிரிப்பு வந்தது. அந்த இருட்டுக் குழியில் அதைப் பார்க்க ஆளில்லை.

"அண்ணன்தான்..." சித்தப்பா தொண்டையைச் செருமினார். "நானும் வெளியூர்க்காரங்களும் ஒண்ணா இருக்கோம். நீங்க ரெண்டு பேரும் வேற. எங்க அப்பா வேற, அண்ணனோட அப்பா வேற போல. யார்கிட்டப் போய்க் கேக்கறது? எல்லாரும் செத்துட்டாங்க."

குழிக்குள் ஏதோ ஒரு மாடியின் மணி அடித்து ஓய்ந்தது.

"இதைப் படிச்சா அண்ணன் அங்கயே போயிடுவார்டா. அதனால ஒரு யோசனை. நீ மட்டும் சேரலைன்னு படிச்சிடறேன். உனக்குப் பழக்கம்தானே?"

"அப்பாகிட்ட நானே பேசிக்கறேன்" என்று போனை வைத்தான்.

வீட்டில் அப்பா பலகைக்குக் கீழே சாய்ந்திருந்தார். "வந்துச்சா? யார் பிள்ளையாம் நீ?"

"உங்க பிள்ளைதான்பா. சந்தேகமே இல்லையாம்."

அப்பா அவனுடைய மூக்கைப் பார்த்தார். முதல் தடவையாக, அதைத் திருடிய பொருளைப் பார்ப்பதுபோல் பார்க்காமல், சும்மா பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆனால் அவர் பிழைப்பு முழுக்கக் கார்க் கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்தே திரும்பியவர். "தம்பியோடது?" என்றார்.

பொய் சொல்ல ஒரு நொடி போதும். மெக்கானிக்குக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகிவிட்டது.

அப்பாவின் வலது கால் தரையை மிதித்தது. மிதித்தபடியே நின்றது. கண்கள் தலைக்கு மேலிருந்த சிவப்பு எழுத்துகளுக்குப் போய், அங்கே நிற்க முடியாமல் இறங்கின.

"குழாயைப் பிடிச்சது யாரு?" என்றார் கடைசியில்.

"நான்தான்பா."

"அதான். உன்னுது என்னுதுல கலந்துடுச்சு. உன்னோட ஒத்துப்போகுதுன்னா, அது நீ. தம்பியோட சேரலைன்னா, அதுவும் நீ." சொல்லச் சொல்லக் குரல் தேறியது, முடிக்கும்போது தேம்பியது. "நீதானேடா? சொல்லேன்."

இதுவரை அவர் அவனிடம் எதையும் கெஞ்சியதில்லை. ஆய்வுக்கூடத்தில் அதையெல்லாம் சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"ஆமாப்பா" என்றான். "என் கை பட்டிருக்கும்."

கால் மெல்ல மேலே வந்தது.

"அப்பவே நினைச்சேன்" என்றார் அப்பா.

'நான் சேரலைன்னே படிச்சிடுங்க' என்று சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் கண்கலங்கியது போனிலேயே தெரிந்தது. "நீ பெரிய மனுஷன்டா. கூட்டத்துக்குக் கட்டாயம் வா. என்னைச் சித்தப்பான்னே கூப்பிடு. கூட்டத்துல மட்டும் வேண்டாம், கேள்வி வரும். அப்புறம், மண்டபத்து லிஃப்ட் நின்னு போச்சாம். அண்ணனால மாடி ஏற முடியாது. சீக்கிரமா வந்து ஒரு கை பார்த்துடேன்."

போனான். கதவைச் சரிசெய்தான். அதிக எடை ஏறினால் கத்துகிற மணியும் செத்துக் கிடந்தது. அதையும் ஒழுங்காகவே சரிசெய்தான்.

குடும்பப் பெயர்க்காரர்கள் புத்தாடையில் வந்து லிஃப்டுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். அப்பா நடுவில். அவர் முழங்கையைத் தாங்கியபடி மெக்கானிக். மணி கத்தியது.

யாரும் அசையவில்லை. ஒருவர் வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தார். மணி நம்பவில்லை. அப்பாவின் கால் தரையை மிதித்தது.

"ஒருத்தர் இறங்கணும்" என்றார் சித்தப்பா, யாரையும் பார்க்காமல்.

மெக்கானிக் முழங்கையை விட்டுவிட்டு இறங்கினான். மணி உடனே நின்றது. அவன் வேலையில் என்றைக்கும் குறை சொல்ல முடியாது.

"யாருங்க அவர்?" என்று உள்ளே ஒரு வெளியூர்க்காரர் கேட்டார்.

"லிஃப்ட் மெக்கானிக்" என்றார் அப்பா. கதவு சத்தமில்லாமல் மூடியது.