சுவரைப் பார்த்த அடுப்பு

பொய் எழுதுகிறவனுக்குக் கொஞ்சமாவது கண் வேண்டும். ஆண்டோவுக்கு அது இல்லை. இத்தனைக்கும் அவன் பள்ளிக்கூடத்தில் ஓவிய மாஸ்டர்.

தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு இறங்கும் வளைவில் நீளமாக ஒரு தடுப்புச் சுவர். அங்கே உயிர்விட்டவர்களின் நினைவாக, ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு அதில் படம் வரைய வேண்டும் என்று ஆண்டோவுக்கு நெடுநாள் ஆசை. இந்த மாதிரி வேலைகளுக்கு நிதி கொடுக்கும் பெங்களூர் அறக்கட்டளை ஒன்றுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தான். ‘உங்கள் ஆர்வம் தெரிகிறது, ஊர் மக்களின் குரல் கேட்கவில்லை’ என்று இரண்டு முறையும் மரியாதையாகக் கையை விரித்துவிட்டார்கள்.

மூன்றாம் முறை அவனே ஒரு குரலை உண்டாக்கினான். சுவருக்கு எதிரே சாலையோரத்தில் தோசைக் கடை போட்டிருக்கும் அமுதவல்லியின் குரல். அவள் புருஷன் மாது லாரி டிரைவர். நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த வளைவில்தான் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். ‘தினமும் தோசை வார்த்துக்கொண்டே இந்தச் சுவரைத்தான் பார்க்கிறேன், அதில் என் வீட்டுக்காரர் முகம் இருந்தால் ஆறுதலாக இருக்கும் என்று அமுதவல்லி எங்களைக் கேட்டுக்கொண்டார்’ என்று எழுதினான். எழுதும்போது ஐயாவுக்குக் கண் வேறு கலங்கியது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா என்றால், இல்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

அந்த அப்புறம் வருவதற்குள் அறக்கட்டளையிலிருந்து பானுமதி மேடம் வந்துவிட்டார். சேலம் போகிற வழியில் இடத்தைப் பார்த்துவிடுகிறேன் என்று போன் செய்தார். ஆண்டோ பைக்கை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, மேடம் அமுதவல்லியின் கடை பெஞ்சிலேயே டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அவன் அந்த அடுப்பைப் பார்த்தான். சாலையோரக் கடை என்றால் அடுப்பு சாலையைப் பார்த்து இருக்கும். கல்லில் தோசை வேகிறதைக் கண்டுதான் வண்டிகள் நிற்கும். மாது இருந்த காலத்தில் இந்தக் கடையிலும் அப்படித்தான் இருந்தது. இப்போது அடுப்பு மேசை பின்பக்கத் தகரத்தை ஒட்டிக் கிடந்தது. அமுதவல்லி சாலைக்கும் சுவருக்கும் முதுகைக் காட்டி, கரி படிந்த தகரத்தைப் பார்த்தபடி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமாக இங்கே சாப்பிடுகிறான், இது கண்ணில் படவில்லை.

“நீங்கதான் அமுதவல்லியா? உங்க வீட்டுக்காரர் படத்தை இந்தச் சுவத்துல வரையணும்னு கேட்டீங்களாமே,” என்றார் மேடம். “தினமும் அதையே பாக்கறேன்னு நீங்க சொன்னதப் படிச்சு எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் மனசு கஷ்டமாயிடுச்சுங்க.”

அமுதவல்லி திரும்பி ஆண்டோவைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“ஆமாங்க,” என்றாள். “நாந்தான் கேட்டனுங்க.”

மேடத்துக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நிதி கிடைத்த மாதிரிதான், அடுத்த மாதம் கமிட்டி ஆட்கள் வந்து அமுதவல்லி வேலை செய்வதையும் சுவரையும் சேர்த்து வீடியோ எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஆண்டோ அடுப்புப் பக்கம் போய் நின்றான். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

“அக்கா, மன்னிச்சுருங்க. உங்களக் கேக்காமயே எழுதிட்டேன்.”

“அதான் எழுதிட்டியே.”

“அப்புறம் ஏங்க்கா ஆமான்னு சொன்னீங்க?”

“அவரு கீழ கெடந்தப்ப அத்தன சனம் போன்ல படம் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நீதான் மடியில தூக்கி வெச்சுத் தண்ணி குடுத்த. உன்னையப் போயி பொய்யன்னு எப்புட்றா சொல்லுவேன்?”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்குச் செய்த நல்லதை இன்றைக்கு இப்படியா செலவழிப்பது என்று அவனுக்கு அவனையே பிடிக்காமல் போயிற்று.

அவள் அடுப்பை அணைத்தாள். “சரி, இப்புடி வா. அந்தப் பக்கம் புடி.”

“எதுக்குங்க்கா?”

“தெனமும் பாக்கறேன்னு எழுதி வெச்சிருக்கியாமில்ல. அவங்க வர்றப்ப நான் தகரத்தப் பாத்துக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? இப்பவே பழகிக்கறேன்.”

வேண்டாங்க்கா, மேடத்துக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. போனும் சட்டைப் பையிலேயே இருந்தது. மேடத்தின் கார் கணவாயைக்கூடத் தாண்டியிருக்காது. ஆண்டோ குனிந்து மேசையின் மறுபக்கத்தைப் பிடித்தான்.

திருப்பி வைத்ததும் அமுதவல்லி அடுப்பை மூட்டினாள். கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, ஒரு கரண்டி மாவை ஊற்றி நிமிர்ந்தாள். எதிரே சுவர். மாவை வட்டமாக இழுக்க வேண்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

“அக்கா, மாவு…” என்றான் ஆண்டோ.

“தெரியுது,” என்றாள். மாவு இழுக்கப்படாமல் ஒரே இடத்தில் கிடந்து கருகியது.