யாருக்கும் பங்கில்லை

அப்பாவின் தலையைச் சீவி, இடப்பக்கம் வகிடு எடுத்துக்கொண்டிருந்தாள் மகள். உயிர் போனது அந்த முடிக்கு மட்டும் தெரியாதுபோல. சீப்புக்கு அடங்காமல் எழும்பி நின்றது.

ஆஸ்பத்திரி அறையில் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். அம்மா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோரம் அண்ணன் கையை நீட்டி, விரல் நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. இரும்புக்கடையில் கதவுக் கீலை எடுத்துக் கொடுக்கும்போது கை நடுங்கியது. பிறகு தாழ்ப்பாள் விலை மறந்தது. சில மாதங்களில் வீடே மறந்துபோனது. மூளையை அரிக்கும் நோய். பரம்பரையா என்று பார்க்க அவர் ரத்தத்தை அனுப்பியிருந்தார்கள். முடிவு இன்று வரவேண்டும்.

சொத்து என்றால் முண்டியடிக்கிற குடும்பம், இந்தச் சொத்துக்கு மட்டும் ஆளாளுக்குப் பின்வாங்கியது. அப்பாவின் தங்கை, தன் பிள்ளைகளை நினைத்துக் காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள். நடுவில் இவள் பக்கம் திரும்பினாள்.

"நல்லவேளை, உனக்கு அந்தப் பயம் இல்லடி."

அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கைக்குழந்தையாகத் தத்தெடுத்து வந்த இவளை முதலில் இடுப்பில் வைத்துக்கொண்டவளே அவள்தான்.

கடைக்கு வருகிறவர்கள், "அப்பனை உரிச்சு வச்சிருக்கா" என்பார்கள். எட்டணாவுக்கு மல்லுக்கட்டுகிற அப்பா, அப்படிச் சொன்னவர்களுக்கு மட்டும் கேட்காமலே விலையைக் குறைத்துவிடுவார். போன வாரம் அண்ணனுக்கும் ரத்தம் எடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது, இவளும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். பேச்சு அண்ணனைப் பற்றியே போனது. கொஞ்ச நேரம் கழித்து அவளே இறக்கிவிட்டுக்கொண்டாள்.

டாக்டர் உள்ளே வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் அண்ணன் பேரத்தை ஆரம்பித்துவிட்டான்.

"நூத்துக்கு எவ்வளவு சார்? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

டாக்டருக்குச் சிரிப்பு வந்து அடங்கியது. "பரம்பரை இல்ல தம்பி. யார்கிட்ட இருந்தும் வரல, யாருக்கும் போகாது. காரணமே இல்லாம அவருக்கு வந்துச்சு, அவரோட முடிஞ்சுது."

அண்ணன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தான். அத்தை முகத்தை மூடிக்கொண்டு, செத்தவருக்காக இப்போதுதான் அழுதாள்.

டாக்டர் கதவருகில் போனபோது மகள் கேட்டாள்.

"அப்போ அண்ணனுக்கு எவ்வளவோ, எனக்கும் அவ்வளவுதானா டாக்டர்?"

அவர் நின்று அவளைப் பார்த்தார். "ஊர்ல எல்லாருக்கும் எவ்வளவோ, அவ்வளவுதாம்மா உங்க ரெண்டு பேருக்கும்."

அவள் தலையாட்டினாள். கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைத்தது. அவள் பேரம் பேசவில்லை.

"காலு சில்லுன்னு கிடக்கு அவருக்கு," என்றாள் அம்மா, யாரிடமோ.

மகள் பையிலிருந்து காலுறைகளை எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அண்ணன் எழுந்து வந்து, கேட்காமல் ஒன்றை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டான். ஆளுக்கொரு காலாக இருவரும் மாட்டினார்கள். அண்ணன் போட்டதில் குதிகால் மேல்பக்கம் வந்திருந்தது. அது அப்படியே இருந்தது.