கல்லைக் கழுவியது யார்?

காமினிக்குத் தலை சுற்றியது. மீன் வளர்ப்பதென்றால் ஒரு தொட்டி, கொஞ்சம் தண்ணீர், இரண்டு மீன், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் இருந்த அலாவுதீன் கடைக்குள் கால் வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கடல் மீன் வேண்டுமென்றால் முதலில் அதன் அழுக்கை என்ன செய்வது என்று முடிவு பண்ண வேண்டுமாம். அந்த ஒரு கேள்வியில் ஊரே நாலு கட்சியாகப் பிரிந்து கிடந்தது.

"கேனிஸ்டர் போடுங்க தங்கச்சி. டப்பா மாரி இருக்கும், தொட்டிக்குக் கீழ வெச்சிட்டா வேல முடிஞ்சிச்சு" என்றார் அலாவுதீன். அவள் கைப்பையைத் திறப்பதற்குள் அவரே, "ஆனா பவளம் வெக்கிறதுன்னா கேனிஸ்டர் அவ்ளோ நல்லதில்லலா. உள்ளயே அழுக்கு சேந்துக்கும். சம்ப் போட்டுருங்க" என்று தன் பேச்சையே வெட்டினார்.

சம்ப் என்றால் தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி. மேல் தண்ணீர் கீழே இறங்கிச் சுத்தமாகி மறுபடி மேலே ஏறும்.

"கரண்ட் போனா என்னாகும் அண்ணே?"

"கொஞ்சமா ஹால்ல தண்ணி நிக்கும்" என்று சொல்லிவிட்டு, அதை மறக்கடிப்பவர் போல ஸ்கிம்மர் என்று ஒரு குழாயை எடுத்துக் காட்டினார். அது நுரை பொங்கவைத்து, நுரையோடு அழுக்கை அள்ளிவிடுமாம். கடைசியில் எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, தண்ணீருக்குள்ளிருந்து பாசி படிந்த, ஓட்டை ஓட்டையான ஒரு கல்லைத் தூக்கினார். "உண்மைய சொல்லணும்னா இதான் ஃபில்டர்."

மனுஷன் தமாஷ் பண்ணுகிறார் என்றுதான் காமினி நினைத்தாள். அவள் வேலை பாயான் பாருவில், மின்னணுத் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில். அங்கே ஒரு தூசு தெரிந்தாலும் சரக்கை ஒதுக்கிவிடுவார்கள். அழுக்குக் கல்லை வைத்து அழுக்கை எடுப்பது என்பது அவள் மூளைக்குள் இறங்கவில்லை.

உடன் வேலை செய்யும் ரொஸ்னாவிடம் கேட்டாள். தொட்டியின் முதுகில் தொங்கவிடும் சின்ன ஃபில்டரே போதும், தன் அண்ணன் ஹஸ்ருல் அப்படித்தான் வைத்திருக்கிறான் என்றாள் ரொஸ்னா. அவன் மீன்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டதும் பேச்சை மாற்றினாள். மீன் வளர்ப்பவர்களின் முகநூல் குழுவில் கேட்டாள். ஸ்கிம்மர் இல்லாமல் தொடங்குவது பாவம் என்றார் ஒருவர். ஸ்கிம்மருக்குக் காசு கொடுப்பவன் முட்டாள் என்றார் அடுத்தவர். பிறகு இருவரும் அவளை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் திட்ட ஆரம்பித்தார்கள்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்டால், எல்லாம் தீபாவளிக்காக. சரியாகச் சொன்னால், தீபாவளியன்று வீட்டுக்கு வரும் ஒரே ஒரு கேள்விக்காக. காமினிக்கும் கார்த்திக்குக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. கார்த்திக்கின் பெரியம்மா ஜெயலெட்சுமி வருஷம் தவறாமல் வந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டே, கூடம் நிறைய ஆள் இருக்கும்போது, "இன்னும் விசேஷம் இல்லையாம்மா?" என்பார். எல்லாக் கண்ணும் காமினியின் வயிற்றுக்குப் போகும். அவள் சிரித்து வைப்பாள்.

கோளாறு கார்த்திக்கிடம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குக் காரில் ஏறி உட்கார்ந்தவன் வண்டியை எடுக்கவே இல்லை. "யார்ட்டயும் சொல்லாத காமினி" என்று மட்டும் கேட்டான். அவளும் வாக்குக் கொடுத்தாள். அவன்மேல் இருந்த பிரியத்தில் கொடுத்த வாக்குதான். ஆனால் அதைச் சுமக்கச் சுமக்கத் தோள் வலிக்கத்தானே செய்யும்?

அந்த டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒரு கடல்மீன் தொட்டி இருந்தது. உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நம் வீட்டுக் கூடத்திலும் இப்படி ஒன்று வேண்டும் என்று அப்போதே அவள் மனதில் விழுந்துவிட்டது.

கடைசியில் அவள் தொட்டியின் முதுகில் தொங்கும் ஃபில்டர் ஒன்று, குட்டி ஸ்கிம்மர் ஒன்று, போதாததற்குக் கல்லும் வாங்கினாள். எது சரியென்று தெரியாதவர்கள் எல்லாச் சாமிக்கும் தேங்காய் உடைப்பார்களே, அந்தக் கதைதான். அலாவுதீன் சொன்னபடி வாரக்கணக்கில் வெறும் உப்புத் தண்ணீரும் கல்லுமாக ஓடவிட்டு, தண்ணீரைப் புட்டியில் பிடித்துக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். தீபாவளிக்கு முந்தின வாரம் அலாவுதீன் தலையாட்டினார். "ரெடி தங்கச்சி. வெள்ளிக்கிழம வந்து மீன எடுத்துக்குங்க."

வியாழக்கிழமை கார்த்திக் விடுப்புப் போட்டுவிட்டுத் தீபாவளிக்கு வீட்டைக் கழுவினான். திரைச்சீலை, மின்விசிறி, ஜன்னல் கம்பி, குத்துவிளக்கு, ஒன்றையும் விடவில்லை. வேலை முடிந்து வந்த காமினியைக் கூடத்துக்கு அழைத்துப்போய்த் தொட்டியைக் காட்டினான். "பாத்தியா? எல்லாக் கல்லையும் எடுத்து, பிளீச்சு போட்டு, பிரஷால தேச்சிட்டேன். எவ்ளோ அழுக்கு தெரியுமா!"

கற்கள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. காமினிக்கு என்னவோ பயமாக இருந்தது. ஆனால் எதற்காகப் பயப்படுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஃபில்டர் ஓடியது. ஸ்கிம்மர் நுரை கக்கியது. தண்ணீரும் தெளிவாகத்தான் இருந்தது. பின்னே என்ன கெட்டுவிட்டது?

மறுநாள் இருவருமாகக் கடைக்குப் போனார்கள். விஷயத்தைக் கேட்டதும் அலாவுதீன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "பிளீச்சா? அந்தக் கல்லுல கண்ணுக்குத் தெரியாத உசுரு எவ்ளோ இருந்துச்சு! மீனோட அழுக்கத் திங்கிறதே அதுங்கதான். எல்லாத்தயும் கொன்னுட்டீங்களே!"

"மெஷின் ஓடுதே அண்ணே!" என்றாள் காமினி.

"மெஷின் ஓடும்லா. இப்ப மீன விட்டா செத்துரும். நான் குடுக்க மாட்டேன்."

கார்த்திக்கின் முகம் செத்துப்போனது. "பரவால்ல விடுங்க" என்று காமினி அவனிடம் சொன்னாள். பரவாயில்லாமல் இல்லை. அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

தீபாவளியன்று கூடத்தில் தொட்டி நின்றது. விளக்கு எரிந்தது, தண்ணீர் சலசலத்தது, மீன்தான் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த வெறும் தொட்டியே ஆளை இழுத்தது. ஜெயலெட்சுமியின் கணவர் சுப்பையா கேனிஸ்டர்தான் சிறந்தது என்று அடித்துப் பேசினார். வந்திருந்த ரொஸ்னா மலாயில் அவரை மறுத்தாள். யாரும் காமினியின் பக்கம் திரும்பவில்லை. தப்பித்தோமோ, இல்லையோ என்று புரியாமலே அவள் பலகாரத் தட்டோடு நடமாடினாள்.

ஜெயலெட்சுமி பெரியம்மா முறுக்கைக் கடித்துக்கொண்டே தொட்டியை எட்டிப் பார்த்தார். "மீன் வாழாத அளவுக்கு என்னாச்சு இதுக்கு?"

"கல்லுல இருந்த உசுரு செத்துருச்சு அத்தை. பிளீச்சுல கழுவினதால" என்றாள் காமினி.

"யாரு கழுவுனது?"

"நான்தான் அத்தை." யோசிக்கவே இல்லை. பழகிய நாக்கு அதுவாகச் சொல்லிவிட்டது.

"ஒன் கைக்கு வந்தா எதுதான்டி தங்குது?" என்றார் பெரியம்மா. "கல்லுல இருக்குற உசுரு கூடத் தங்க மாட்டேங்குது."

சுப்பையாவின் பேச்சு பாதியில் நின்றது. எல்லோரும் காமினியைப் பார்த்தார்கள். அவள் வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

"கல்லக் கழுவினது நான், பெரியம்மா." கார்த்திக் சமையலறை வாசலில் பானத் தட்டோடு நின்றான்.

"சரிடா, யாரு கழுவினா என்னா..."

"புள்ள இல்லாததுக்கும் காரணம் நான்தான். கோளாறு என்கிட்டதான்னு டாக்டரு சொல்லிட்டாரு. வெளிய சொல்லாதன்னு இவ வாயக் கட்டி வெச்சதும் நான்தான்." குரல் உடைந்தது. "இனிமே அவள ஒன்னும் கேக்காதீங்க."

ஏன் சொன்னீர்கள் என்று அவனைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று காமினிக்கு விளங்கவில்லை. இரண்டுமே செய்ய வேண்டும்போல் இருந்தது. அவன் கையிலிருந்த தட்டை வாங்கி மேசைமேல் வைத்தாள். விருந்தாளிகள் இருக்கும்போது அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இப்போது அவனைச் சோபாவில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியம்மா எதையோ கேட்க வாயெடுத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, மேசையிலிருந்த தட்டைத் தானே எடுத்து, ஒவ்வொருவராகப் பானம் கொடுக்க ஆரம்பித்தார். முதல் கிளாஸைக் காமினியிடம் நீட்டினார்.