இடப்பக்கம் வெட்டிய எண்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் ஷாரோன். வீடு கோவளத்தில், படூரில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள். பேருந்தில் என் நாளிதழின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்: 357686312646216567629137. பகா எண். இடப்பக்கம் முதல் இலக்கத்தை அழித்தாலும் மிச்சம் பகா எண். மறுபடி அழித்தாலும் அப்படியே. கடைசி 7 மட்டும் நிற்கும்வரை இப்படித்தான்.

[முன்னால் இருந்தவர் போனதே தெரியாமல் நிற்கும் குடும்பம் மாதிரி இருந்தது.]

2

அப்படியொரு குடும்பத்தை எழுதினேன். சோம்பேறித்தனத்தில் பெயர்களைக்கூட மாற்றவில்லை. முதல் பத்தியில் ஷாரோனின் அப்பா சாலமோன் கடலிலிருந்து திரும்புகிறார். அடுத்ததில் தம்பி ஆல்வின். அதற்கடுத்து ஷாரோன்.

முதல் பத்தி இழுவை. (என் கதைகளில் எப்போதுமே அப்படித்தான்.) அழித்தேன். கதை நன்றாகவே நின்றது.

மறுநாள் ஷாரோன் போன் செய்தாள்.

"சார், வூட்ல ஒரு கட்டில் அதிகமா கீது. யாருதுன்னே தெர்ல."

அப்பாவுடையதாக இருக்கும் என்றேன். எந்த அப்பா என்று கேட்டாள். அவள் விளையாடவில்லை.

3

பதறிப்போய் அந்தப் பத்தியைத் திரும்ப எழுத உட்கார்ந்தேன். பிரதி எடுத்து வைக்கும் புத்தி எனக்கு என்றைக்கு இருந்தது? சாலமோன் மீசை வைத்திருந்தார் [வைத்திருந்தாரா?]. வலது காலைச் சற்றே இழுத்து [இல்லை, இடது]. அவரை நான் பார்த்ததே ஒருமுறைதான். தோன்றியதை எழுதி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். கச்சிதமாகப் பொருந்தியது.

அன்று மாலை பேசியபோது, அப்பாவுக்கு மீன்குழம்பு வைத்துக்கொண்டிருப்பதாக ஷாரோன் சாதாரணமாகச் சொன்னாள்.

4

37க்கு முன்னால் 1 வைத்தால் 137. பகா எண். 3 வைத்தாலும் பகா எண், 9 வைத்தாலும் பகா எண். முன்பு எது இருந்தது என்று 37க்குத் தெரியாது. ஷாரோனுக்கும் தெரியவில்லை. தெரிந்தவன் ஆல்வின். அப்பாவோடு படகில் போகிறவன். நேற்று என்னைத் தேடி வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா நம்பிகினு கீது சார், சோறு போடுது. அந்தாளு கடல் பக்கமே திரும்ப மாட்டேன்றாரு. அது எங்கப்பா இல்ல. எடுத்துடுங்க."

மீசையை எழுதினேன், காலை எழுதினேன். கடலை எழுத மறந்துவிட்டேன்.

5

முடிவு ஒன்று: அழித்துவிடுகிறேன். ஷாரோன் அழமாட்டாள். யாருக்காக அழுவது?

முடிவு இரண்டு: விட்டுவிடுகிறேன். காலம் முழுக்க யாரோ ஒருவரை அப்பா என்று கூப்பிடுவாள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

முடிவு மூன்று: உண்மையான சாலமோன் ஒருநாள் கரையில்

இல்லை. அவர் முகம் எனக்கு வரவில்லை. வெளிப்படையாகச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

நேற்று போகும்போது ஆல்வின் கதவருகில் நின்றான்.

"என்னை ஒண்ணும் மாத்தல இல்ல சார்?"

இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் படியிறங்கினான். அவன் பத்தியைப் பலமுறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். எந்த ஆல்வின் என் வீட்டுக்கு வந்தான் என்று எனக்கே தெரியாது.

முடிவை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் முதல் வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே ஷாரோன் இருக்கிறாள்.